உண்டியலைக் கொட்டுங்கள், காந்தத்தை எடுங்கள்

பிள்ளைகளே, உங்கள் வீட்டில் ஓர் உண்டியல் இருக்கும். இல்லாவிட்டால் பழைய பால்மாப் பேணி ஒன்றாவது இருக்கும். கடைக்குப் போய் வந்த மிச்சக் காசு, பஸ் கொண்டக்டர் தந்த சில்லறை, திருவிழாவுக்கு மாமா தந்த குற்றிக் காசு எல்லாம் அதற்குள் கிடக்கும். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு, ஒரு பழைய துணியை விரித்து, அதன்மேல் மெல்லக் கொட்டுங்கள். இன்றைக்கு நமது ஆய்வுகூடம் அந்தத் துணிதான்.

"இதற்குள் விலை மதிப்பான காசு ஏதும் இருக்குமா?" என்று உடனே கேட்பீர்கள். கேள்வி கேட்கிற பிள்ளைதான் கெட்டிக்காரப் பிள்ளை. ஆகையால் விடையை ஒளிக்காமல் சொல்கிறேன். பெரும்பாலும் இருக்காது. பத்து ரூபாக் குற்றிக்குக் கடையில் பத்து ரூபாச் சாமான்தான் தருவார்கள்.

ஆனால், எது அரிய காசு, எது சாதாரணக் காசு என்று பிரித்தறியும் வழி இருக்கிறதே, அது சுத்தமான விஞ்ஞானம். அந்த வழி தெரியாதவரின் கையில் அரிய காசு வந்தாலும், அது அன்றைக்கே பெட்டிக்கடைக்குப் போய்விடும். தெரிந்தவரின் கையில் மட்டும்தான் அது தங்கும்.

தேவையான கருவிகள் அதிகம் இல்லை. ஒரு காந்தம். ஒரு அடிமட்டம். கிடைத்தால் ஒரு பூதக்கண்ணாடி. ஒரு கொப்பி, ஒரு பென்சில். பழுதான வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியில் நல்ல காந்தம் இருக்கும். பெரியவர் ஒருவரிடம் கழற்றித் தரச் சொல்லுங்கள். மிகச் சிறிய காந்தங்கள் வேண்டாம். குட்டித் தம்பி தங்கச்சிமார் அவற்றை விழுங்கிவிட்டால் வயிற்றுக்குள் பெரிய ஆபத்து.

முதலில் ஐந்து ரூபாக் குற்றிகளை மட்டும் தனியே எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆண்டு பொறித்திருக்கும். தேடிப் பிடியுங்கள். 2004க்கும் அதற்கு முன்னும் உள்ள மஞ்சள் நிறக் குற்றிகள் ஒரு பக்கம். 2005 முதல் வந்த மஞ்சள் நிறக் குற்றிகள் மறுபக்கம். பழையவை உங்களிடம் இல்லையென்றால் அம்மம்மாவின் அலுமாரியில் தேடச் சொல்லுங்கள். அங்கே நிச்சயம் ஒன்றிரண்டு கிடக்கும்.

இரண்டு பக்கத்துக் குற்றிகளும் மஞ்சள் நிறம். இரண்டிலும் ஐந்து என்றுதான் எழுதியிருக்கிறது. இனி, காந்தத்தைக் கிட்டக் கொண்டு போங்கள்.

என்ன நடந்தது? 2005க்குப் பிந்திய குற்றி துள்ளி வந்து காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. பழையது அசையவே இல்லை!

இதுதான் உங்கள் முதல் கண்டுபிடிப்பு. நிறம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் உலோகம் வேறு. பழைய ஐந்து ரூபா, செம்பு அதிகமாகக் கலந்த கலப்புலோகம். உள்ளும் புறமும் ஒரே பொருள்தான். புதியது அப்படியில்லை. அதன் உள்ளே இருப்பது உருக்கு. வெளியே மெல்லிய பித்தளை முலாம். காந்தம் முலாமைத் தாண்டி உள்ளே இருக்கும் உருக்கைப் பிடித்துவிட்டது.

இரண்டையும் உள்ளங்கையில் மாறி மாறி வைத்துப் பாருங்கள். பழையது சற்றுப் பாரமாக இருக்கும். செம்பு, உருக்கைவிட அடர்த்தி கூடியது. ஒரே அளவு இடத்தில் கூடுதல் எடை. விளங்குதா? விளங்காவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் கையில் வைத்துப் பாருங்கள். கை சொல்லித் தரும்.

ஏன் மாற்றினார்கள்? உலகச் சந்தையில் செம்பும் நிக்கலும் விலை கூடிய உலோகங்கள். உருக்கு மலிவு. ஒரு நாணயத்தைச் செய்யும் செலவு அதன் பெறுமதியை எட்டிப் பிடிக்கத் தொடங்கினால், எந்த நாடும் உலோகத்தை மாற்றத்தான் பார்க்கும். அந்த மாற்றத்தில் நமது ஒரு ரூபா முற்றாக உருமாறிப் போனது. முன்பு அது வெள்ளை நிறத்தில் பெரிதாக இருந்தது. பிறகு மஞ்சள் நிறத்தில் சிறிதாக வந்தது. அம்மாவிடம் கேட்டால் பழைய பெரிய ஒரு ரூபாவை விரலால் வட்டம் போட்டுக் காட்டுவார்.

அந்தப் பழைய வெள்ளை நிற ஒரு ரூபாவில் ஒரு புதிர் இருக்கிறது. 1996க்கு முன் பொறித்தது செம்பும் நிக்கலும் சேர்ந்த கலப்புலோகம். நிக்கல் காந்தத்தில் ஒட்டும் உலோகம் என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்திருப்பீர்கள். இரும்பு, நிக்கல், கோபாற்று மூன்றையும் சேர்த்து மனப்பாடம் செய்திருப்பீர்கள். அப்படியென்றால் இந்த ஒரு ரூபா ஒட்ட வேண்டும் அல்லவா? ஒட்டிப் பாருங்கள். ஒட்டாது.

காரணம் இதுதான். நிக்கலின் ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்தில் உள்ள நிக்கல் அணுக்களும் அதே திசையில் திரும்பி நின்றால்தான் முழுத் துண்டும் காந்தத்துக்கு இசையும். இந்த வகை நாணயங்களில் பொதுவாக நான்கில் மூன்று பங்கு செம்பு இருக்கும். செம்பு அணுக்கள் நடுவில் புகுந்துகொண்டால் நிக்கல் அணுக்களால் ஒன்று சேர்ந்து நிற்க முடிவதில்லை. பாடப் புத்தகம் பிழை சொல்லவில்லை. அது தனி நிக்கலைப் பற்றிச் சொன்னது. உங்கள் கையில் இருப்பது கலவை.

2017ஆம் ஆண்டுத் தொடரில் வந்த குற்றிகள் துருப்பிடிக்காத உருக்கில் செய்தவை. துருப்பிடிக்காத உருக்கில் காந்தம் பிடிக்கும் வகையும் உண்டு, பிடிக்காத வகையும் உண்டு. நமது குற்றிகள் எந்த வகை? அதை நீங்களே சோதித்து எழுதுங்கள். அப்படியே குசினிக்குப் போய் எவர்சில்வர் தட்டு, கரண்டி எல்லாவற்றிலும் காந்தத்தை வைத்துப் பாருங்கள். அம்மா ஏசினால், இது ஆராய்ச்சி என்று சொல்லுங்கள்.

ஆண்டைப் பார்ப்பது, உலோகத்தைப் பார்ப்பது. இந்த இரண்டையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போகும் கதைக்கு அவை வேண்டும்.

இரண்டாம் உலகப் போர்க் காலம். நமது திருகோணமலைத் துறைமுகம் நிறையப் போர்க்கப்பல்கள். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் ஜப்பானிய விமானங்கள் வந்து துறைமுகத்திலும் சீனன்குடா விமானத் தளத்திலும் குண்டு போட்டன. உங்கள் பூட்டன் பூட்டியின் காலத்துக் கதை அது.

போருக்கு உலோகம் வேண்டும். கவசத் தகடுகளுக்கு நிக்கல். தோட்டாக் கோதுகளுக்கும் மின்கம்பிகளுக்கும் செம்பு. உலகம் முழுக்க நாணயச்சாலைகளுக்கு உலோகத் தட்டுப்பாடு வந்தது. இலங்கையின் காசும் தப்பவில்லை.

1942ஆம் ஆண்டு பொறித்த 50 சதக் குற்றி ஒன்றை எடுத்தால் அதில் நூற்றுக்கு 55 பங்கு வெள்ளி. 1943ஆம் ஆண்டு பொறித்த 50 சதத்தை எடுத்தால் மஞ்சள் நிறம், வெள்ளி துளியும் இல்லை. இரண்டிலும் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலைதான். நடுவில் ஒரே ஓர் ஆண்டு. அந்த ஓர் ஆண்டுக்குள் வெள்ளி போய்விட்டது. 10 சதமும் அப்படித்தான். 1941 வரை வெள்ளி கலந்து வட்டமாக வந்தது. 1944இல் மஞ்சள் உலோகத்தில், விளிம்பு வளைந்து வளைந்து பூப்போல வந்தது.

சதக் காசுக்குப் பதிலாகக் கடுதாசிக் காசும் அச்சடித்தார்கள். 1942இல் வந்த 5 சதத் தாள் ஒன்று மிக அழகான யோசனை. நடுவில் முத்திரைத் தாளில் உள்ளதைப்போலச் சிறு துளை வரிசை இருக்கும். கிழித்தால் ஒரு பக்கம் 2 சதம், மறுபக்கம் 3 சதம்! கடைக்காரரிடம் சில்லறை இல்லையென்றால் கிழித்துக் கொடுக்க வேண்டியதுதான். கிழிக்கப்படாமல் முழுதாகத் தப்பியது ஒன்று உங்கள் வீட்டுப் பழைய புத்தகத்துக்குள் இருந்தால், தயவுசெய்து கிழித்துப் பார்க்காதீர்கள்.

இதே நேரத்தில் அமெரிக்காவிலும் செம்புத் தட்டுப்பாடு. அங்கே ஒரு சதக் குற்றியை வழக்கமாகச் செம்பு கலந்த வெண்கலத்தில் செய்வார்கள். உங்கள் பள்ளிக்கூட மணியும் வெண்கலம்தான். 1943இல் மட்டும் அதை உருக்கில் செய்து, மேலே நாக முலாம் பூசினார்கள். ஆனால் நாணயச்சாலையில் முந்திய ஆண்டின் சில வெண்கலத் தட்டுகள் மிஞ்சிக் கிடந்திருக்கின்றன. அவையும் பொறிக்குள் போய் 1943 என்ற ஆண்டோடு வெளியே வந்துவிட்டன.

1947இல் அமெரிக்காவின் பிட்ஸ்பீல்ட் என்ற ஊரில், 16 வயது மாணவன் ஒருவன் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சாப்பாடு வாங்கினான். மிச்சக் காசில் ஒரு செப்பு நிறச் சதம். ஆண்டு 1943. உங்களைப்போலவே ஆண்டையும் உலோகத்தையும் சேர்த்துப் பார்க்கிற பழக்கம் அவனுக்கு இருந்தது. இரண்டும் பொருந்தவில்லையே என்று அந்தக் காசைத் தனியே எடுத்து வைத்தான். அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டபோது, அந்த ஆண்டு செப்புச் சதமே அடிக்கவில்லை என்று பதில் வந்தது. அவன் காசை வீசவில்லை. கிழவராகும்வரை வைத்திருந்தார். 2019 ஜனவரியில் அது ஏலத்துக்கு வந்து 204,000 டொலருக்குப் போனது. அந்தப் பணம் அவருடைய ஊர் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு சின்னக் கேள்வி. இந்தக் கதை பரவியதும் சிலர் என்ன செய்திருப்பார்கள்? சாதாரண 1943 உருக்குச் சதத்துக்குச் செப்பு முலாம் பூசி ஏமாற்றப் பார்த்தார்கள். அதை எப்படிக் கண்டுபிடிக்கலாம்?

சபாஷ்! காந்தம்தான். முலாம் பூசிய போலி ஒட்டிக்கொள்ளும். உண்மையானது ஒட்டாது. உங்கள் துணியில் ஐந்து ரூபாவை வைத்துச் செய்த அதே சோதனை.

சரி, அரிய காசுக்கு ஏன் அவ்வளவு விலை? மாம்பழத்தை எடுத்துக்கொள்வோம். மாம்பழக் காலத்தில் சந்தை முழுக்கக் குவிந்து கிடக்கும், விலை மலிவு. காலம் போன பிறகு நாலைந்து பழம்தான் இருக்கும், விலை ஏறிவிடும். அந்த நாலைந்திலும் அடிபடாத, வடுவில்லாத பழத்துக்குத்தான் முதல் விலை. ஆனால் யாருக்குமே மாம்பழம் பிடிக்காத ஊரில், ஒரே ஒரு பழம் இருந்தாலும் அதை வாங்க ஆளில்லை. குறைவாக இருக்க வேண்டும், நல்ல நிலையில் இருக்க வேண்டும், விரும்பித் தேடுகிறவர்கள் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் காசுக்கும் விலை ஏறும்.

பழசாக இருப்பது மட்டும் போதாது. இதைப் பெரியவர்கள் கூட அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய ரோமாபுரியின் செப்புக் காசுகள் இலங்கையில் ஏராளமாகக் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. எக்கச்சக்கமாக இருப்பதால், தேய்ந்த ரோமக் காசுக்குப் பெரிய விலை இல்லை. மறுபக்கம், இங்கிலாந்தில் 2009இல் வந்த 50 பென்ஸ் குற்றி ஒன்றைப் பாருங்கள். கியூ தாவரப் பூங்காவின் சீனக் கோபுரம் அதில் இருக்கும். 210,000 குற்றிகள்தான் அடித்தார்கள். ஆறு கோடிக்கு மேல் மக்கள் வாழும் நாட்டுக்கு அது மிகக் குறைவு. இன்றைக்கும் முகப்பெறுமதியைப்போலப் பல மடங்கு கொடுத்து அதை வாங்குகிறார்கள். லண்டனில் இருக்கும் சித்தியோ மாமாவோ தொலைபேசியில் வந்தால் சொல்லிவிடுங்கள். ஆண்டைப் பார்க்கவும் சொல்லுங்கள். அதே படத்தோடு 2019 என்று பொறித்துச் சேகரிப்பாளர்களுக்காக இன்னொன்று வந்தது. அது வேறு, இது வேறு.

நமது சில்லறைக்குள்ளும் தேடத் தகுந்தவை உண்டு. 1981இல் வந்த 5 ரூபா ஒன்று, எல்லா வயதுவந்தவர்களுக்கும் வாக்குரிமை கிடைத்த ஐம்பதாவது ஆண்டை நினைவுகூர்கிறது. இலங்கை மக்களுக்கு அந்த உரிமை 1931இலேயே கிடைத்துவிட்டது. ஆசியாவில் அவ்வளவு முன்னதாகப் பெற்றவர்கள் மிகக் குறைவு. 1998இல் சுதந்திரத்தின் ஐம்பதாவது ஆண்டுக்கு 10 ரூபா வந்தது. நடுவில் ஓர் உலோகம், சுற்றி இன்னோர் உலோகம். 1999இல் வந்த 5 ரூபா ஒன்றைக் கிரிக்கெட் பிரியர்கள் விடமாட்டார்கள். 1996 உலகக் கிண்ண வெற்றிக்காக வந்தது அது. மத்திய வங்கியின் எழுபதாவது ஆண்டுக்கு ஒரு 20 ரூபாக் குற்றி வந்தது. இவற்றில் பலவற்றை ஏராளமாக அடித்தார்கள். ஆகையால் இவை உங்களைப் பணக்காரர் ஆக்கமாட்டா. சேர்த்து வைக்க அருமையானவை. என்னைக் கேட்டால், சேகரிப்பைத் தொடங்குகிற பிள்ளைக்கு இவைதான் சரியான காசுகள் என்பேன். விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. தொலைந்தாலும் அழ வேண்டியதில்லை.

பூதக்கண்ணாடி இருந்தால் பிழைகளையும் தேடலாம். ஒரு நாணயம் எப்படிப் பிறக்கிறது தெரியுமா? உலோகத் தகட்டிலிருந்து வட்டத் தட்டுகளை வெட்டுவார்கள். ஒரு தட்டை ஒரு வளையத்துக்குள் வைத்து, மேலும் கீழும் செதுக்கிய அச்சுகளால் பலத்த அழுத்தம் கொடுப்பார்கள். தட்டு சரியாக உட்காராமல் அழுத்தம் விழுந்தால் படம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். வெட்டும்போது இடம் மாறினால் விளிம்பில் கடித்ததுபோல ஒரு துண்டு குறையும். இப்படியானவற்றை நாணயச்சாலையிலேயே பிடித்து ஒதுக்கிவிடுவார்கள். தப்பி வந்தவை மிகக் குறைவு. ஆனால் கவனம்! ரோட்டில் கிடந்து சப்பளிந்த காசும், சுத்தியலால் அடிபட்ட காசும் பிழைக் காசு அல்ல. அவை வெறும் காயம்பட்ட காசுகள்.

நமது இன்றைய நாணயங்கள் வெளிநாட்டு நாணயச்சாலைகளில் அடிக்கப்பட்டு வருகின்றன. ஆனால் ஒரு காலத்தில் நமது திருகோணமலையிலேயே காசு அடித்தார்கள் என்றால் நம்புவீர்களா?

அது ஒல்லாந்தர் காலம். 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கும்பனி இலங்கையில் செப்புக் காசுகளை அடித்தது. ஸ்டைவர் என்பது அவற்றின் பெயர். ஒரு முகத்தில் கும்பனியின் குறி இருக்கும். ஆங்கில எழுத்து 'வீ' பெரிதாக இருக்கும். அதன் இரண்டு கால்களிலும் 'ஓ', 'சீ' என்ற எழுத்துகள் கோத்திருக்கும். அந்தக் குறிக்கு மேலே இன்னோர் எழுத்தைப் பாருங்கள். 'சீ' என்றிருந்தால் கொழும்பில் அடித்தது. 'ஜீ' என்றால் காலி. 'ஐ' என்றால் யாழ்ப்பாணம். மேலே ஒரு கோடு, நடுவே ஒரு தூண், அதாவது 'டீ' என்றிருந்தால் அது நம் ஊர். திருகோணமலை!

இன்றைய காசைப்போல அது அழகான வட்டமாக இராது. தடித்த செப்புத் துண்டு. ஓரம் கோணல். எழுத்து சில வேளை பாதி வெளியே போயிருக்கும். 1795இல் பிரித்தானியர் திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தார்கள். அதோடு நம் ஊரில் ஒல்லாந்தர் காசடித்த காலம் முடிந்தது. பிறகு வந்த பிரித்தானியக் காசுகளில் யானை ஒன்று நின்றது. இந்த ஒல்லாந்தர் காசுக்கும் முந்தியவை உண்டு. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் அடித்த செப்புக் காசுகளில் ஒரு நந்தி படுத்திருக்கும். கீழே தமிழ் எழுத்தில் சேது என்றிருக்கும். நீங்கள் முதலாம் வகுப்பில் எழுதிப் பழகிய அதே மொழியின் எழுத்து, எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னே ஒரு செப்புத் துண்டில்.

இதைக் கேட்டதும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நம் ஊர் பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் ஓடவேண்டும்போல இருக்கிறதா? ஓடக்கூடாது, கண்ணுகளே. நில்லுங்கள். இது முக்கியம்.

இலங்கையில் தொல்பொருள் சட்டம் இருக்கிறது. 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய பொருள்கள் தொல்பொருள்களாகக் கணிக்கப்படும். கண்டி இராச்சியம் ஒப்பந்தத்தின் மூலம் பிரித்தானியரிடம் போன நாள் அது. ஒல்லாந்தர் ஸ்டைவரும் சேதுக் காசும் அந்த வரிசையில்தான் வருகின்றன. அனுமதி இல்லாமல் அவற்றைத் தேடித் தோண்டுவது குற்றம்.

சட்டம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒரு பழைய காசு மண்ணுக்குள் எந்த ஆழத்தில் இருந்தது, பக்கத்தில் என்ன மட்பாண்ட ஓடு கிடந்தது, சாம்பல் இருந்ததா, எலும்பு இருந்ததா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் தொல்லியலாளர் அந்த இடத்தின் வரலாற்றை எழுதுகிறார். பிடுங்கி எடுத்துவிட்டால் காசு மட்டும் மிஞ்சும். வரலாறு போய்விடும். மழை வெள்ளத்துக்குப் பிறகோ, வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போதோ தற்செயலாக ஒன்று தென்பட்டால், இருந்த இடத்தை அடையாளம் வைத்துப் படம் எடுங்கள். உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவர் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிப்பார்.

இன்னொன்றையும் செய்யக்கூடாது. அது காசைத் தேய்ப்பது.

கறுத்த காசைக் கண்டால் நமக்குக் கை துருதுருக்கும். புளி போட்டுத் தேய்த்தால் பித்தளைக் குத்துவிளக்கு மின்னுகிறதே, காசும் மின்னாதா? மின்னும். ஆனால் நடப்பதைக் கவனியுங்கள். புளியிலும் தேசிக்காயிலும் அமிலம் இருக்கிறது. செம்பின் மேல் காற்றோடு சேர்ந்து உண்டான கறுப்புப் படலத்தை அமிலம் கரைக்கும். அந்தப் படலம் அழுக்கு அல்ல. உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கும் போர்வை அது. போர்வையோடு சேர்த்து எழுத்தின் கூரும், மன்னரின் தலைமுடிக் கோடுகளும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். சேகரிப்பாளர் ஒருவர் பூதக்கண்ணாடியை வைத்த உடனேயே, தேய்த்த காசு என்று சொல்லிவிடுவார். விலை விழுந்துவிடும். ஒருமுறை தேய்த்தால் திரும்ப ஒட்டவைக்க வழியே இல்லை.

நம் ஊரில் இன்னொரு தொல்லை உப்புக் காற்று. உப்பில் குளோரின் இருக்கிறது. அது ஈரத்தோடு செம்பில் சேர்ந்தால் பச்சை நிறத் தூள் பூக்கும். அது காக்கும் படலம் அல்ல. உள்ளே உள்ளே தின்றுகொண்டே போகும். முலாம் பூசிய உருக்குக் காசில், முலாம் தேய்ந்த விளிம்பில் துருப் பிடிக்கும். டச்சுக் குடாப் பக்கம் வீடு இருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும்.

ஆகையால் காசை விளிம்பில் பிடியுங்கள். விரல் வியர்வையிலும் உப்பு இருக்கிறது. ஒவ்வொரு காசையும் காய்ந்த கடுதாசி உறையில் தனித்தனியே போடுங்கள். உறைகளை இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் ஒரு சின்னப் பொட்டலம் வருமே, உள்ளே மணி மணியாக இருக்கும், அது ஈரத்தை உறிஞ்சும். வீட்டில் இருந்தால் அதையும் டப்பாவுக்குள் போடுங்கள். பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள்.

அக்காவின் கைத்தொலைபேசியில் ஒரு விளம்பரம் வரக்கூடும். இந்தப் பழைய ஐந்து ரூபா உங்களிடம் இருக்கிறதா, இலட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று. ஒரு சதமும் கட்டக்கூடாது. இந்தியாவில் இந்த மோசடி பெருகி, 2021 ஓகஸ்டில் இந்திய ரிசர்வ் வங்கியே பொதுமக்களை எச்சரிக்க வேண்டி வந்தது. தன் பெயரைச் சொல்லிப் பழைய காசு வாங்குவதாகக் கட்டணம் கேட்பவர்களை நம்பவேண்டாம் என்று அது அறிவித்தது. உண்மையாகக் காசு வாங்குகிறவர் உங்களுக்குப் பணம் தருவார். உங்களிடம் பணம் கேட்கமாட்டார். ஏதாவது ஒரு காசில் சந்தேகம் வந்தால், பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நம் திருகோணமலையிலேயே உள்ள மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகத்தில் விசாரிக்கலாம். கொழும்புக்குப் போகிற வாய்ப்பு வந்தால், கோட்டையில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலைக்குக் கூட்டிப்போகச் சொல்லி அடம்பிடியுங்கள். இந்த ஓர் அடத்துக்கு நான் உங்கள் பக்கம்.

இனிக் கொப்பியைத் திறவுங்கள். ஒவ்வொரு காசுக்கும் ஒரு வரி. பெறுமதி, ஆண்டு, நிறம், அடிமட்டத்தால் அளந்த விட்டம், காந்தத்தில் ஒட்டியதா இல்லையா, எங்கே கிடைத்தது. ஆண்டும் உலோகமும் பொருந்தாத காசு ஒன்று வந்தால் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுங்கள். அவசரப்பட்டுச் செலவழிக்காதீர்கள்.

கடைசியாக, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். 2013ஆம் ஆண்டு பொறித்த 10 ரூபாக் குற்றிகளில் ஒரு தொடர் இருக்கிறது. பதினொரு பக்கம் கொண்ட குற்றி. இலங்கையின் 25 மாவட்டங்களுக்கும் மாவட்டத்துக்கு ஒன்றாக, 25 வெவ்வேறு படங்களோடு மத்திய வங்கி அவற்றை வெளியிட்டது. திருகோணமலைக்கும் ஒன்று உண்டு. அதில் என்ன படம் என்று நான் சொல்லப்போவதில்லை. மூதூர், கிண்ணியா, நிலாவெளி என்று எங்கே சில்லறை வாங்கினாலும் பத்து ரூபாவைத் திருப்பிப் பாருங்கள். நம் மாவட்டத்துக் காசைக் கண்டுபிடித்ததும் அதன் படத்தைக் கொப்பியில் வரைந்து, பெயரும் வகுப்பும் எழுதி எமக்கு அனுப்பி வையுங்கள்.